கிண்ணியாக் கிளையில் அந்த ஆண்டு வந்த வைரஸ்

1

“...வைரஸ் எண்டே எழுதுங்க தம்பி. வைரசுக்கு உம்மா இல்ல, வாப்பா இல்ல, ஊரும் இல்ல. என்ட பேர ஏன் எழுதின எண்டு அது வந்து நம்மளக் கேக்கப் போறதும் இல்ல.”

இதைச் சொன்னவர் சலீமா ராத்தா. கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆகவே எனக்கும் ராத்தாதான். போர் மறுபடி மூண்ட ஆண்டில் அவர் ஒரு நிவாரண நிறுவனத்தின் கிண்ணியாக் கிளையில் எழுதுவினைஞர். நான் திருகோணமலைப் பட்டினத்தில் கணினி திருத்துகிறவன். எங்கள் இருவருக்கும் நடுவே, மேசையில், நான் நிரப்ப வேண்டிய ஒரு படிவம் கிடந்தது.

இத்தனை காலம் கழித்து இந்தப் பேச்சு ஏன் காதில் வந்து விழுந்தது என்றால், போன கிழமை எங்கள் அலுவலகத்தில் ஒரு கேக் வெட்டினார்கள்.

2

நான் இப்போது இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விட்ட நாளை விரல் விட்டு எண்ணக்கூடிய ஒரு துறைமுக ஊரில். வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் தலை வெட்டினேன். (மீன் தலைதான். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் பதறவேண்டாம்.) இப்போது ஒரு பெரிய அலுவலகத்தின் கணினி உதவிப் பகுதியில் இருக்கிறேன். யாருடைய கணினிக்கு என்ன வந்தாலும் என் மேசைத் தொலைபேசிதான் முதலில் அடிக்கும்.

இந்த ஊரில் நான் கற்ற மொழியின் பாதி, மூச்சு. இங்குள்ளவர்கள் ‘ஓம்’ என்பதைச் சில வேளை சொல்லமாட்டார்கள், உள்ளே இழுப்பார்கள். திடுக்கிட்டவர் மூச்சை வாங்குவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான் ஆமோதிப்பு. எனக்கும் தெரியாமலே அது தொற்றிவிட்டது. ஊரில், உப்புவெளியில் இருக்கும் என் தங்கச்சியோடு பேசும்போது இரண்டு தரம் அப்படி இழுத்துவிட்டேன். “அண்ணா, நெஞ்சு நோகுதோ? ஆசுப்பத்திரிக்குக் காட்டினனீங்களோ?” என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

சரி, கேக்கின் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு தை மாதமும் எங்கள் பகுதி ஓர் ஆண்டறிக்கை போடும். கடந்த ஆண்டில் வைரஸ் பிடித்ததாக எத்தனை பேர் அறிவித்தார்கள், அதற்கு முந்திய ஆண்டில் எத்தனை பேர், கோடு ஏறியதா இறங்கியதா என்று. இந்த முறை கோடு நன்றாக இறங்கியிருந்தது. எங்கள் தலைவி இங்கிரிட் மகிழ்ந்துபோய்க் கேக் கொண்டுவந்தார். இங்கே எல்லாவற்றுக்கும் கேக்தான். வேலையை விட்டுப் போகிறவருக்கும் கேக், போவதாக இருந்து போகாமல் விட்டவருக்கும் கேக்.

கோடு ஏன் இறங்கியது என்று எனக்குத் தெரியும். முன்பு ஆட்கள் தொலைபேசி எடுத்து, “என் கணினி ஒரு மாதிரி இருக்கிறது, வந்து பார்” என்பார்கள். போன ஆண்டு அதற்கு ஒரு படிவம் வந்தது. ஐந்து பக்கம். எந்த மின்னஞ்சலைத் திறந்தீர்கள், ஏன் திறந்தீர்கள், திறக்கக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித்தரவில்லையா என்று கேட்கும். அதன்பின் யார் அறிவிப்பார்கள்? பதிவுப் பகுதி ஆர்ணே என்னை நடைபாதையில் மறித்து, தோளில் கை போட்டு, தன் மேசைப் பக்கம் ஒருதரம் வந்துபோகச் சொன்னார். அந்தக் கை போடலிலேயே விளங்கிவிட்டது. இந்த ஊரில் ஒருவர் மற்றவரைத் தொடுவது அவ்வளவு சாதாரணம் இல்லை. போய்த் துப்புரவாக்கிக் கொடுத்தேன். படிவம் போடவில்லை. அப்படிப் போடாமல் விட்டவை வேறும் உண்டு.

கூட்டத்தில் கை உயர்த்திக் கேட்டேன்: “குறைந்தது வைரஸா, அல்லது அதைச் சொல்லுகிறவர்களா?”

இங்கிரிட் மூச்சை உள்ளே இழுத்தார். “மிக நல்ல கேள்வி” என்றார். பிறகு கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினார்.

3

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மகள் மதுரா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். அதுவே எங்கள் வீட்டில் ஒரு சம்பவம். பதினாறு வயது. அவளுடைய தமிழ் கேட்கும் தமிழ், நாங்கள் சொல்வது எல்லாம் விளங்கும். பதில் நோர்வேஜிய மொழியில் வரும். ஏதாவது தேவை என்றால் மட்டும் தமிழில் வரும்.

அன்றைக்குத் தமிழில் வந்தது. “அப்பா, உங்கட பழைய கொப்பி இருக்குது தானே, அந்த வைரஸ் கொப்பி? எனக்குக் கணிதத்துக்கு உண்மையான எண்கள் வேணும். வருசம் வருசமா மாறுற எண்கள்.”

என் பெட்டியோடு வந்த சில பொருட்களில் அந்தக் கொப்பி ஒன்று. ஊரில் என் கணினிக் கடைக்கு வந்த ஒவ்வொரு வைரசுக்கும் அதில் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். மதுரா எண்ணி எண்ணிக் கணினியில் போட்டாள். சிறு சிறு தூண்களாகப் படம் எழுந்தது. முதல் சில ஆண்டுகளில் தரையோடு ஒட்டிய தூண்கள். பிறகு திடீரென்று உயரம்.

“இதில என்ன நடந்தது?”

“சமாதானம் வந்தது” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், தகப்பனுக்கு வயது போகிறது என்ற கவலை இருந்தது. நான் விளக்கினேன். பாதை பூட்டிக் கிடந்தபோது ஆட்கள் வரவில்லை, ஆட்கள் வராததால் டிஸ்க் வரவில்லை, டிஸ்க் வராததால் வைரசும் வரவில்லை. பாதை திறந்ததும் எல்லாம் சேர்ந்து வந்தன. அவளுக்கு உடனே பிடிபட்டது. “ஓ! விடுமுறை முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்தால் எல்லாருக்கும் தடிமன் வாற மாதிரி.”

“ஓம், அதேதான்.”

பிறகு கடைசித் தூணில் விரலை வைத்தாள். “இந்த வருசம் திரும்பவும் சண்டை எண்டு சொன்னனீங்கள். பாதை பூட்டு. அப்ப இது குறைய வேணும். ஆனா இதுதான் எல்லாத்திலும் உயரம். அதுவும் ஒரே இடத்திலயிருந்து வந்தது.” சிறிது யோசித்தாள். “இது பிழை அப்பா. பொருந்தாத புள்ளியை எடுத்துவிடலாம் எண்டு டீச்சர் சொன்னவ.”

அந்த ஒரே இடம், கிண்ணியா.

4

என் கடை பட்டினத்து பஸ் நிலையத்துக்குப் பின்னால் குறுகலான ஓர் ஒழுங்கையில் இருந்தது. கணினியை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஓர் அலுவலகம், எங்கள் சொல்லில் கந்தோர், கழித்துவிட்ட பெட்டியைக் கழற்றிப் பூட்டி, அகராதியைப் பக்கத்தில் வைத்து அதன் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து நானாகப் பழகியது. கடையில் மூன்று கணினிகள். வாசலோரம் இருந்ததற்கு ‘சென்றி’ என்று பெயர். சோதனைச் சாவடியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்; பஸ்ஸில் போகிறவர்கள் அங்கே இறங்கி நடக்க வேண்டும். யார் டிஸ்க் கொண்டுவந்தாலும் முதலில் சென்றியில் போட்டு வைரஸ் பார்த்த பிறகுதான் மற்றவற்றில் போடவிடுவேன்.

“உங்கட கடைக்குள்ளயும் இறங்கி நடக்க வேணுமோ?” என்று கேட்டுக்கொண்டு டிஸ்க்கை நீட்டுவார் ஒரு கணித வாத்தியார்.

டிஸ்க் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். உள்ளங்கை அளவான சதுரப் பிளாஸ்டிக். உள்ளே கபில நிறத்தில் மெல்லிய வட்டத் தகடு. நாம் எழுதியதெல்லாம் அதில்தான் இருக்கும். அதைக் காக்க விளிம்பில் இழுத்துத் திறக்கிற சின்ன உலோக மூடி.

கொப்பியில் கோடு கீறும்போது, கொண்டுவந்தவர் சொன்னதையும் ஓரத்தில் எழுதிவைப்பேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கொப்பியில் எனக்குப் பிடித்தது அந்த ஓரம்தான். ஒரு பள்ளிக்கூட அதிபர்: “என்ர டிஸ்க் நல்ல டிஸ்க். கூடித் திரிஞ்சதுகள்தான் சரியில்லை.” உப்புவெளியில் விடுதி வைத்திருந்தவர்: “மனுசனுக்கு வருத்தமெண்டால் இருமும், காயும். இது ஒண்டும் சொல்லாமல் எழுத்தைத் திண்டுகொண்டு கிடக்கு.” கோயில் செயலாளர் ஒருவர் திருவிழா நோட்டீஸ் இருந்த டிஸ்க்கை, கிருமி சாகட்டும் என்று காலையிலிருந்து மதியம் வரைக்கும் வெயிலில் காயவைத்துவிட்டுக் கொண்டுவந்தார். அது அப்பளம்போல வளைந்திருந்தது. “வைரஸ் செத்துப்போச்சு ஐயா” என்றேன். “நான் சொன்னனான் தானே!” என்றார். “நோட்டீசும் செத்துப்போச்சு” என்றேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

சமாதானக் காலம் வந்தபோது அந்த ஓரம் நிரம்பி வழிந்தது. கொழும்பிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து, வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கு வந்தவர்களின் பைகளிலிருந்து, நான் பெயரும் கேள்விப்படாத வைரசெல்லாம் வந்தன. ஒன்று திரையில் உள்ள எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கீழே உதிர்க்கும். அதைப் பார்க்க ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: “சண்டை நிண்டது உண்மைதான் போல. இல்லாட்டி இவ்வளவு தூரம் வந்து இதுகும் விளையாடுமே?”

5

பிறகு சண்டை மறுபடி வந்தது. மூதூர், சம்பூர்ப் பக்கங்களிலிருந்து சனம் வீடுவாசலை விட்டு எழும்பியது. அதில் ஒரு பகுதி கிண்ணியாவுக்கு வந்து பள்ளிக்கூடங்களில் இருந்தது. அந்தக் குடும்பங்களின் பெயர்களைப் பதிந்து பட்டினத்துக் கந்தோருக்கு அனுப்புவதுதான் சலீமா ராத்தாவின் வேலை. பட்டினத்தில் பெயர் ஏறினால்தான் நிவாரண அட்டை வரும். அட்டை வந்தால்தான் அரிசியும் பருப்பும் வரும்.

அவர் நாற்பது வயதுக்குப் பின்பு தட்டெழுதப் பழகியவர். கிளைக்கு ஒரேயொரு கணினி. அதற்குத் தன் கையால் பூ வைத்துத் தைத்த உறை போட்டிருந்தார். கொழும்புத் தலைமையகம் கையெழுத்துப் பட்டியல் இனி வேண்டாம், எல்லாம் டிஸ்க்கில்தான் என்று சட்டம் போட்டபோது, மற்றக் கிளைகள் முணுமுணுக்க, “நம்ம ரெடி” என்று பதில் போட்டவர் அவர்.

கிழமைக்கு ஒருமுறை அவரே டிஸ்க்கைக் கொண்டுபோவார். அப்போது கிண்ணியாத் துறையில் பாலம் இல்லை. ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் கடந்து, சென்றியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, சீனன்குடாவால் சுற்றிப் பட்டினம் போகவேண்டும். கொண்டுபோய்க் கொடுத்த டிஸ்க் அங்கே திறக்காது. ‘வைரஸ்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த கிழமையும் வைரஸ். அதற்கடுத்த கிழமையும் வைரஸ். பட்டியல் வந்து சேராததால் அட்டையும் வரவில்லை. பட்டினத்துக் கந்தோர் தொலைபேசியில் சொல்ல, டிஸ்க்கைக் காணாமலே, திருப்பி வந்த ஒவ்வொன்றுக்கும் என் கொப்பியில் ஒரு கோடு விழுந்தது.

அந்த நிறுவனத்தின் கணினிகளைப் பார்க்கும் வேலை என்னிடம் இருந்தபடியால், ஆண்டு முடிவில் கிளைவாரியான வைரஸ் அட்டவணையையும் நானே நிரப்ப வேண்டும். அந்த ஆண்டு கூடவே ஒரு கடிதம் வந்தது. எந்தக் கிளையில் வைரஸ் ஆகக் கூடுதலோ, அந்தக் கிளையின் கணினி திருப்பி எடுக்கப்படும். சுத்தமாக வைத்திருக்கும் கிளைக்குக் கொடுக்கப்படும்.

படிவத்தைக் கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். ராத்தாவின் கணினியைக் காலையிலிருந்து துருவிப் பார்த்தேன். ஒரு வைரசும் இல்லை. வெளி டிஸ்க் ஒன்றைக்கூட அவர் அதில் போடவிட்டதில்லை. பிறகு, திருப்பி வந்த டிஸ்க்குகளை எடுத்து, ஒன்றின் மூடியை இழுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கபிலத் தகட்டின் மேல், அடையாள அட்டைக்கு வைத்ததுபோல, ரேகை ரேகையாக ஓர் அடையாளம். அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததில் இரண்டு.

“ராத்தா, இது வைரஸ் இல்லை. பெருவிரல்.”

அவர் வாங்கிப் பார்த்தார். “சென்றில நிக்கிறவர் திறந்து பாக்கிறவர்தான்” என்றார் மெதுவாக. “உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு கேப்பாரு. பேர் எண்டு சொல்லுவன். எங்க பேர் எண்டு கேட்டு மூடிய இழுத்து, தடவிப் பாத்துட்டுத் தருவாரு. பாவம், அவருக்கும் ஒண்டும் தெரியல்லதான.”

எனக்கும் அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. பைக்குள் இருப்பதைத் திறந்து பார் என்று அவரை நிறுத்தியிருக்கிறார்கள். திறக்கக்கூடிய மூடி ஒன்று கைக்கு வந்தால் திறக்கத்தானே செய்வார்? தொட்ட இடத்தில் எழுத்து அழியும் என்பது பட்டினத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

மதுராவுக்கு இந்த இடம் வரைக்கும் சொன்னேன். அவள் படத்தின் கடைசித் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அழிக்கவில்லை. அதன் கீழே இந்த நாட்டு மொழியில் ஒரேயொரு சொல்லைத் தட்டினாள்: ‘தொம்மல்’. பெருவிரல் என்று அர்த்தம். ஆசிரியை கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். “நீங்கள் சொன்னதைத்தான்” என்றாள். இம்முறையும் தமிழ்.

6

படிவத்தில் காரணம் எழுத ஒரு நிரல் இருந்தது. வெளி டிஸ்க், இணையம், ஊழியரின் கவனக்குறைவு என்று மூன்று பெட்டிகள். கீழே ‘வேறு’ என்று புள்ளிக்கோடு. நான் பேனையை அந்தப் புள்ளிக்கோட்டுக்குக் கொண்டுபோனேன்.

“என்னத்த எழுதப் போறீங்க?”

“உள்ளதை. சோதனையில மூடியைத் திறந்து தொட்டதால பழுதாப்போச்சு எண்டு. அப்ப உங்கட கிளையில வைரஸ் ஒண்டும் இல்லை. மிசினை எடுக்க ஏலாது.”

அவர் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பகல், வெளியே வரிசையில் சனம் நின்றது.

“தம்பி, இந்தப் பேப்பர் எதால போகும்?”

அதே மிதவை, அதே சென்றி, அதே கைகள்.

“ஆர் கொண்டு போற? கிளைப் பொறுப்பாளர்தான் கையில குடுக்கோணும் எண்டு சட்டம், நான்தான். இத வாசிச்சா, எங்களப் பத்தியா கொழும்புக்கு எழுதிக் குடுத்த எண்டு அவர் கேப்பாரா, கேக்கமாட்டாரா? நான் கிழமைக்கு ஒருக்கா அவர்ட முகத்தில முழிக்கிறவ. நாளைக்கு என்ன நிப்பாட்டி வெச்சா இந்தச் சனத்துக்கு ஆர் போற?”

“அப்ப வேற என்னத்தை எழுதுறது?” என்றேன். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவர் வாயால் வரட்டும் என்று நினைத்தேன். வந்தது. வைரசுக்கு உம்மாவும் வாப்பாவும் இல்லை என்ற அந்தப் பேச்சு அப்போதுதான் வந்தது.

“ராத்தா, அப்படி எழுதினால் கிண்ணியாதான் முதலாவது. இந்த மாதமே மிசின் போயிரும்.”

“போகட்டும்.”

“பட்டியல் முழுக்க இதுக்குள்ளதானே கிடக்கு. பிரிண்டருக்கு மை றிபனும் இல்லை. டிஸ்க்கில எடுத்தால் திரும்பவும் பெருவிரல்தான்.”

“அதாலதான் சொல்றன்.” அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து நின்றது. “மிசின் இருக்கிற மட்டும் டிஸ்க்கில கொண்டா எண்டுதான் நிப்பாங்க. மிசின எடுத்துட்டா மறுகா கையால எழுதினதத்தானே வாங்கோணும்? வேற வழி இல்லியே. பேப்பரச் சென்றில எத்தின தரம் திறந்து தடவிப் பாத்தாலும் பேப்பர் சாகாது தம்பி.”

நான் வெளி டிஸ்க் என்ற பெட்டியில் சரி போட்டேன். எண்ணிக்கை நிரலில் என் கொப்பியில் இருந்த கோடுகளையெல்லாம் கூட்டி எழுதினேன். அறிவிக்கப்பட்ட வைரஸ், போன ஆண்டைவிடப் பல மடங்கு. கொழும்பில் யாரோ அந்தத் தொகையைப் பார்த்துத் தலையில் கை வைத்திருப்பார்கள். ராத்தா படிவத்தை முழுக்க வாசித்துவிட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கண்ட டிஸ்க்கையும் போடவிட்ட கவனக்குறைவானவர் என்று தன்மேல் தானே போட்ட கையெழுத்து அது என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு அலுமாரியைத் திறந்து, அகதிப் பிள்ளைகளுக்கென்று வந்திருந்த அப்பியாசக் கொப்பிகளில் ஒன்றை எடுத்தார். அடிமட்டம் வைத்து ஓரக்கோடு கீறினார். தன் கதிரையைக் கணினிக்கு முன்னாலிருந்து இழுத்து மேசைக்குப் போட்டுக்கொண்டு, என்னைக் கணினிக்கு முன்னால் இருக்கச் சொன்னார்.

“நீங்க வாசிங்க. கெதியா வேணாம். வீட்டுக்காரன்ட பேரு, பிள்ளைகள்ட எண்ணிக்கை, ஊர்.”

கோட்டுக்கு இடப்பக்கம் ‘1’ என்று போட்டு, பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.